கெல்லிவில்லின் இரண்டாவது குழாய்

ஆஸ்திரேலியாவில் சிட்னியின் புறநகரான கெல்லிவில்லில் பல வீடுகளின் வெளிச்சுவரில் இரண்டு தண்ணீர்க் குழாய்கள் இருக்கும். ஒன்று வழக்கமானது. மற்றது ஊதா நிறம். குடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அதன் அருகிலேயே இருக்கும். ஊதாக் குழாயில் வருவது அருகிலுள்ள ரவுஸ் ஹில்லில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர். கழிப்பறைத் தொட்டிக்கும் தோட்டத்துக்கும் கார் கழுவவும் அதுதான். 2001இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டை வறட்சிக்காக வந்தது என்று நினைத்துவிடுவது எளிது. ஆனால் முதல் கவலை ஆற்றைப் பற்றியது. சிட்னியின் வடமேற்கில் பண்ணைகள் வீட்டுமனைகளாக மாறியபோது, அத்தனை வீடுகளின் கழிவுநீரும் சுத்திகரிப்புக்குப் பின் ஓடைகள் வழியே ஹாக்ஸ்பரி ஆற்றில்தான் போய்ச் சேர வேண்டியிருந்தது. அதில் எஞ்சியிருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கு உரம். பாசி மண்டினால் மீனுக்கு மூச்சு முட்டும். ஆற்றில் விடுவதைக் குறைக்க, ஒரு பகுதியை வீடுகளுக்கே திருப்பினார்கள். குடிநீர்த் தேவை சுமார் 40 சதவீதம் குறைந்தது கூடவே கிடைத்த லாபம்.

வளரும் ஊருக்கு இதில் கவனிக்க வேண்டியது தொழில்நுட்பம் அல்ல, அதைச் செய்த நேரம். தெரு போடும்போதே இரண்டாவது குழாயும் பதிந்துவிட்டது. குடியேறி முடிந்த பேட்டையில் இதையே செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு தெருவையும் தோண்ட வேண்டும், ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் உடைக்க வேண்டும். சென்னையைப் பாருங்கள். 2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம் உள்ளிட்ட நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதே ஆண்டில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரிக்கும் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. நல்ல வேலைதான். ஆனால் அந்த நீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. வீடுகளுக்குக் கொண்டுபோகக் குழாய் இல்லை. குடிக்கத் தகுந்த தண்ணீரையே கழிப்பறையிலும் ஊற்றுகிறோம்.

செலவு இரட்டிப்பாகாதா என்பார்கள். கூடத்தான் செய்யும். கெல்லிவில்லிலும் எல்லாம் கணக்குப்படி நடக்கவில்லை: தொடக்கத்தில் மறுசுழற்சி நீரின் விலை மிகக் குறைவாக இருந்ததால் தோட்டங்களில் தாராளமாகத் திறந்துவிட்டார்கள், கோடையில் தேவை ஏறும்போது ஊதாக் குழாயிலும் குடிநீரைக் கலக்க வேண்டியிருந்தது. மலிவான தண்ணீரை யாரும் அளந்து செலவழிப்பதில்லை; ஆகவே குழாயோடு விலையையும் யோசித்தாக வேண்டும். இன்னொரு வாதம் கனமானது: குடிக்கும் அளவுக்கே சுத்திகரித்து அணையில் கலந்துவிட்டால் இரண்டாவது குழாயே வேண்டாமே? சிங்கப்பூர் 2003 முதல் அதைச் செய்கிறது. பெர்த் நகரம் நிலத்தடி நீரில் சேர்த்து, பிறகு எடுத்துக்கொள்கிறது. ஆனால் அருவருப்பு லேசான விஷயமல்ல. 2006இல் குயின்ஸ்லாந்தின் டூவூம்பா நகரில், வறட்சி உச்சத்தில் இருந்தபோதே, 62 சதவீதத்தினர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். கழிப்பறைக்குப் போகும் நீர்மீது அந்த அருவருப்பு கிட்டத்தட்ட எழுவதில்லை. மக்களிடம் சம்மதம் கேட்கக் கெல்லிவில் கண்ட சுலபமான இடம் அது. பாதுகாப்பு பற்றிய பயத்துக்கும் பதில் உண்டு. இரண்டு குழாய்களும் எங்கேனும் தவறிப்போய் இணைந்துவிடலாம் என்பதே உண்மையான ஆபத்து; அதற்குத்தான் மண்ணுக்கடியில் ஓடும் குழாய்க்கும் அதே ஊதா நிறம். தெரியாமல் குழந்தை திறந்துவிடும் என்றால், வெளிக்குழாயின் கைப்பிடியைக் கழற்றி உள்ளே வைத்துக்கொள்ளலாம்.