நீர்த்தாங்கியிற் படியும் சுண்ணத்தை அகற்றும் முறை

பருத்தித்துறைப் பகுதிக் கமக்காரர் பலர் கிணற்று நீரைத் தாங்கியிற் சேமித்து, வீட்டுத் தேவைக்கும் தோட்டத்துக்கும் பயன்படுத்துகின்றனர். அத்தாங்கிகளின் உட்புறத்தில் நாளடைவில் ஓடு போன்ற வெண்ணிறப் படிவு உண்டாகும். இது குழாய்களை அடைத்து நீரோட்டத்தைக் குறைக்கும். கத்தரி, மிளகாய் முதலியவற்றுக்குச் சொட்டுநீர் பாய்ச்சுவோரின் குழாய்த் துளைகளும் இதனால் அடைபடும்.

படிவு உண்டாகும் காரணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல்லாகும். 1950 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று 1990 ஆம் ஆண்டில் மூடப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இக்கல்லையே மூலப்பொருளாகக் கொண்டிருந்தது. மழைநீர் வளியிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டு வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, நிலத்துள் இறங்கும்போது இக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. தாங்கியிலுள்ள நீர் வெயிலினாற் சூடாகி அவ்வாயு வெளியேறியதும், கரைந்த சுண்ணம் மீண்டும் கல்லாகிப் படிகின்றது. தேநீர்க் கேத்தலின் அடியிற் காணப்படுவதும் இதுவே.

சுண்ணமா, உப்பா?

துலக்கத் தொடங்குமுன் இதனை அறிதல் வேண்டும். படிவிற் சிறிதளவைச் சுரண்டி, அதன்மேற் சில துளி வினாகிரி விடுக. நுரைத்துப் பொங்குமாயின் அது சுண்ணமாகும். நுரையாமல், வெறும் நீரிலேயே எளிதிற் கரையுமாயின் அது உப்பாகும்.

குடாநாட்டின் நிலத்தடியில் நன்னீர், உவர்நீரின்மேல் ஒரு படையாக நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைப்பின் கீழுள்ள உவர்நீர் மேலெழும். ஆகவே உப்பைக் கண்டவர் தாங்கியைக் கழுவுவதோடு நின்றுவிடலாகாது. இறைப்பைக் குறைத்து, நீரைப் பரிசோதிப்பித்த பின்னரே பயிருக்கு விடுதல் நன்று. சுண்ணத்துக்குத் தாங்கியைத் துலக்கினாற் போதும். உப்புக்கோ கிணற்றையே காத்தல் வேண்டும்.

துலக்கும் முறை

1. தாங்கியிலுள்ள நீரைத் தோட்டத்துக்கு விட்டு வெறுமையாக்குக. பின் வீட்டுக்குச் செல்லும் குழாயை மூடுக.

2. தடித்த படிவை மரத்தகட்டினாற் சுரண்டி அகற்றுக. 5 சதவீத அமிலமுள்ள வினாகிரி 1 லீற்றர், ஏறக்குறைய 40 கிராம் சுண்ணத்தையே கரைக்கும். ஆதலால் தடித்த ஓட்டை வினாகிரியினாற் கரைக்க முயல்வது வீண்செலவாகும்.

3. பிளாத்திக்குத் தாங்கியாயின், எஞ்சிய மெல்லிய படிவின்மேல் வினாகிரியில் தோய்த்த துணியை 1 மணி நேரம் ஒட்டவைத்து, தென்னந்தும்பினால் தேய்க்குக.

4. சீமெந்துத் தாங்கிக்கு அமிலம் ஆகாது. சீமெந்திலும் சுண்ணம் உண்டாதலின் சுவரும் அரிக்கப்படும். நாகமுலாம் பூசிய தகரத் தாங்கியின் முலாமும் அமிலத்திற் கரையும். இவ்விரண்டையும் சுரண்டியும் தேய்த்துமே துலக்குதல் வேண்டும்.

5. நல்ல நீரால் இருமுறை கழுவி, கழிவுநீரை முற்றாக வெளியேற்றிய பின்னரே குழாயைத் திறக்குக.

எச்சரிக்கை

வினாகிரியையோ வேறு அமிலத்தையோ வெளிற்றும் தூளுடன் ஒருபோதும் கலத்தலாகாது; நச்சுத்தன்மையுள்ள குளோரீன் வாயு உண்டாகும். ஆழமான தாங்கியினுள் ஒருவர் தனியே இறங்கலாகாது. வெளியே மற்றொருவர் நிற்றல் வேண்டும். கழிவுநீரைக் கிணற்றருகே ஊற்றுதலும் தவறு. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்கள் வழியாக அது விரைவிற் கிணற்றை அடையும்.

மீண்டும் படியாதிருக்க

படிவை முற்றாகத் தடுத்தல் இயலாது, குறைத்தல் இயலும். தாங்கியின் மேற் கிடுகுப் பந்தலிட்டு வெயிலை மறைத்து, மூடியை இறுக மூடிவைக்குக. கூரையில் விழும் மழைநீரிற் சுண்ணம் இல்லாமையால், அதனைச் சேமிப்போரின் தாங்கியிற் படிவு மிகக் குறையும். ஐப்பசி மழை தொடங்குமுன் தாங்கியையும் கூரைப் பீலியையும் துப்புரவாக்கி வைப்போர், தூய மழைநீரைப் பெறுவதோடு தம் கிணற்று நீரையும் கோடைப் பயிருக்குச் சேமித்தவராவர்.