லாப்தா: மட்டையின் பெயரே ஆட்டத்தின் பெயர்

ரஷ்ய நாட்டுப்புறங்களில் வழிவழியாக ஆடப்பட்டுவரும் இக்குழு விளையாட்டின் பெயரான ‘லாப்தா’, ஆட்டத்தையும் பந்தை அடிக்கும் மரமட்டையையும் ஒருங்கே குறிக்கும். மண் அள்ளும் கருவியைச் சுட்டும் ‘லொபாத்தா’ என்ற சொல்லோடு இதற்கு உறவு காண்பாரும் உளர், தட்டையான அலகுடைய மட்டைகளைப் பார்ப்பவர்க்கு அது பொருத்தமாகவே தோன்றும். நோவ்கொரோத் நகர அகழாய்வில் 14ஆம் நூற்றாண்டு மண்ணடுக்கிலிருந்து மட்டைகளும் பந்துகளும் கிடைத்துள்ளன. பந்தைத் தூக்கிப் போடுபவர் எதிரணியினர் அல்லர், அடிப்பவரின் அணியினரே என்பது கிரிக்கெட்டுக்குப் பழகிய கண்ணுக்குப் புதுமை. அடித்தவுடன் ஆட்டக்காரர் எதிர்க்கோடுவரை ஓடித் திரும்ப முனைய, களத்தில் நிற்கும் எதிரணியினர் பந்தை எடுத்து அவர்மேல் படும்படி எறிவர். வானுயர எழும் பந்துக்கு ‘ஸ்வெச்சா’, அதாவது மெழுகுவத்தி, என்று பெயர். அது தரையில் விழுமுன் பிடித்தால் பிடித்த அணிக்குப் புள்ளி கிடைக்கும்.