வாழ்க்கைத் தரத்தை எதனால் அளப்பது?



வானொலிச் செய்தியில் அவ்வப்போது ஒரு வரி வரும்: நாட்டின் தலா வருமானம் இவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று. வெளிக்காட்டிலிருந்து திரும்பி, கால் கழுவிக்கொண்டே அதைக் கேட்பவர் தம்முடைய சம்பளச் சீட்டை நினைத்துச் சிரித்துக்கொள்வார். "அந்தப் பணமெல்லாம் யார் வீட்டில் இருக்கிறது, வாத்தியாரே?" என்று நம்மிடமே கேட்டவர்கள் உண்டு. கேலியாகக் கேட்டாலும் அது சரியான கேள்விதான். பொருளாதார அறிஞர்கள் பலர் அரை நூற்றாண்டாக இதே கேள்விக்கு விடை தேடி வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடையை ஆசிய நாடுகள் சிலவற்றை வைத்து இன்று பார்ப்போம்.

முதலில் இந்தத் தலா வருமானம் என்பது என்ன? ஒரு தோட்டத்தில் பத்துப் பேர் மட்டுமே வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒன்பது பேருக்கு, 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி. பத்தாமவர் மேலாளர், அவருக்கு 14,700 வெள்ளி. எல்லாவற்றையும் கூட்டினால் 30,000 வெள்ளி. பத்தால் வகுத்தால் தலைக்கு 3,000 வெள்ளி. கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் 3,000 வெள்ளி வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை. அடுத்த ஆண்டு மேலாளருக்கு மட்டும் 5,000 வெள்ளி கூட்டிக் கொடுத்தால் சராசரி 3,500 ஆகிவிடும். தோட்டம் முன்னேறிவிட்டது என்று அறிக்கை எழுதலாம். மற்ற ஒன்பது வீட்டு அடுப்பிலும் பழைய சோறுதான்.

பாக்கிஸ்தானில் 1960களில் நடந்தது இதைப் போன்றதுதான். அந்நாட்டின் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது, வெளிநாட்டார் பாராட்டினார்கள். அரசாங்கத் திட்டக் குழுவின் தலைமைப் பொருளியலாளராக இருந்த மஹ்பூப் உல் ஹக் 1968இல் ஓர் உண்மையை வெளியில் சொன்னார்: நாட்டின் தொழில் துறைச் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு 22 குடும்பங்களின் கையில் இருக்கிறது. வளர்ச்சித் திட்டங்களைத் தீட்டியவர்களுள் ஒருவரே இப்படிச் சொன்னார். இந்த மனிதரைப் பற்றிச் சற்று நேரத்தில் மறுபடியும் பேச வேண்டிவரும்.

சரி, பணத்தால் மட்டும் அளக்கக்கூடாது என்றால் வேறு எதனால் அளப்பது? 1979இல் அமெரிக்கப் பொருளியல் வரலாற்றாசிரியர் மாரிஸ் டேவிட் மாரிஸ் ஒரு வழி சொன்னார். மூன்றே மூன்றைப் பாருங்கள் என்றார். பிறந்த பிள்ளை முதல் ஆண்டைத் தாண்டுகிறதா? தாண்டிய பிள்ளை எத்தனை ஆண்டு வாழ எதிர்பார்க்கலாம்? நாட்டில் எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும்? இந்த மூன்றுக்கும் பூச்சியத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் போட்டு, நாடுகளை வரிசைப்படுத்தினார். பள்ளிக்கூடத்தில் நாம் மதிப்பெண் அட்டை எழுதுவதைப் போலத்தான்.

மூன்றிலும் முதல் கேள்விக்குத்தான் நாம் அதிக மதிப்புத் தருவோம். உயிரோடு பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளில் எத்தனை பிள்ளைகள் ஒரு வயது நிறையுமுன் இறக்கின்றன என்பதே சிசு மரண விகிதம். இந்த எண்ணில் பணக்காரர் வீட்டுப் பிள்ளை ஏழை வீட்டுப் பிள்ளைக்காகச் சேர்த்து வாழ முடியாது. மேலாளரின் சம்பளம் மற்றவர் சம்பளத்தை மூடி மறைப்பதைப் போல இங்கே எளிதில் மறைக்க இயலாது. தாய் உண்ட உணவு, குடித்த தண்ணீர், பிரசவம் பார்த்தவரின் பயிற்சி, கிளினிக் இருக்கும் தூரம், தாயின் படிப்பு எல்லாம் அந்த ஓர் எண்ணில் வந்து சேர்ந்துவிடுகின்றன.

நம் நாட்டையே பாருங்கள். 1957இல், சுதந்திரம் பெற்ற ஆண்டில், மலாயாவில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் ஏறத்தாழ 75 பிள்ளைகள் முதல் பிறந்த நாளைக் காணவில்லை. 1990இல் அது 13ஆகக் குறைந்தது. இன்று பத்துக்கும் கீழே. நம் பாட்டிமார் "பெற்றது ஒன்பது, தங்கியது ஐந்து" என்று கணக்குச் சொல்வார்கள் அல்லவா? அந்தக் கணக்கு ஒரு தலைமுறையில் மறைந்துபோயிற்று. கிராமக் கிளினிக்குகளும் பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகளும் தடுப்பூசியும் நல்ல தண்ணீரும் இதைச் செய்தன. சிங்கப்பூரிலும் ஜப்பானிலும் இந்த எண் இன்று இரண்டை ஒட்டி நிற்கிறது.

மாரிஸ் போட்ட வரிசையில் எல்லாரையும் திகைக்க வைத்தது இலங்கை. ஏழை நாடு. ஆனால் பணத்தில் அதைவிடப் பல மடங்கு பெரிய எண்ணெய் நாடுகள் சில அதற்குக் கீழே நின்றன. காரணம் இரகசியமில்லை. 1945இல் அங்கே இலவசக் கல்வி வந்தது. பங்கீட்டு அரிசி ஏழை வீட்டுக்கும் போயிற்று. 1940களின் பிற்பகுதியில் மலேரியாக் கொசுவை ஒழிக்க மருந்து தெளித்தார்கள். மரண எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. 1930களில் ஓர் இலட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு அது. இன்று அந்த எண் முப்பதை ஒட்டி இருக்கிறது. தாய்மார் மரணத்தைக் குறைத்ததில் மலேசியாவும் இலங்கையும் மற்றவர்க்கு வழிகாட்டிகள் என்று 2003இல் உலக வங்கி ஒரு புத்தகமே வெளியிட்டது. இந்தியாவில் கேரள மாநிலமும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததே.

இனி வங்காள தேசத்துக்கு வருவோம். 1971இல் போரில் பிறந்த நாடு. அப்போது அங்கே ஆயிரம் பிள்ளைகளில் 150க்கு நெருக்கமான பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே இறந்தன. அவற்றில் பல வயிற்றுப்போக்கினால் இறந்தவை. வயிற்றுப்போக்கில் உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வெளியேறிவிடுவதால்தான் பிள்ளை சாகிறது. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தால் குடல் அதை ஏற்றுக்கொள்ளும் என்பதை டாக்கா ஆய்வுக்கூடத்தில் 1968இல் நோயாளிகளிடம் காட்டியிருந்தார்கள். 1971 போரின்போது பொங்காவ் அகதி முகாமில் ஊசி வழியாக ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலநாபிஸ் இந்தக் கரைசலையே வாளி வாளியாகக் கலக்கிக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் இறந்த இடத்தில் மரணம் நூற்றுக்கு நாலுக்கும் கீழே போயிற்று.

ஆனால் மருந்து கண்டுபிடித்தால் போதுமா? அது குடிசைக்குப் போய்ச் சேர வேண்டுமே. 1972இல் ஃபஸ்லே ஹசன் ஆபெத் என்ற கணக்காளர் தொடங்கிய பிராக் என்னும் தொண்டு நிறுவனம், 1980 முதல் 1990 வரை பெண் ஊழியர்களைக் கிராமம் கிராமமாக அனுப்பியது. மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர்: இவ்வளவுதான் பாடம். வீட்டுக்குள் உட்கார்ந்து, தாயின் கையாலேயே கலக்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார்கள். சில வாரம் கழித்து வேறொருவர் வந்து, அந்தத் தாய்க்குப் பாடம் நினைவிருக்கிறதா என்று சோதிப்பார். தாய் சொல்லும் விடைக்கு ஏற்றபடிதான் கற்றுக்கொடுத்த ஊழியருக்குச் சம்பளம். ஆசிரியர்களாகிய நமக்கும் இப்படி ஒரு சம்பள முறை வந்தால் எத்தனை பேர் தேறுவோம் என்று சில சமயம் யோசிப்பதுண்டு.

ஆரம்பத்தில் திட்டம் தடுமாறியது. தாய்மார் பாடத்தை ஒப்பித்தார்கள். பிள்ளைக்கு நோய் வந்தபோது பலர் கலக்கிக் கொடுக்கவில்லை. விசாரித்தால், கற்றுக்கொடுத்த ஊழியர்களே தமக்கு வயிறு போனபோது மாத்திரையைத்தான் விழுங்கினார்களாம். தமக்கே நம்பிக்கையில்லாததைப் பிறர் எப்படி நம்புவார்? ஊழியர்களை டாக்காவுக்கு அழைத்துப்போய்க் கண்ணால் காணச் செய்தார்கள். சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களிடமும் பேசினார்கள். பிறகுதான் பழக்கம் ஊன்றியது. பத்தாண்டில் ஒரு கோடியே இருபது இலட்சம் வீடுகளுக்குப் போனார்கள். (நமக்கு இன்று கிளினிக்கிலும் மருந்துக் கடையிலும் அளவு சரியாக இருக்கும் பொட்டலம் கிடைக்கிறது, கண்ணளவில் கலக்க வேண்டாம்.)

1971இல் பாக்கிஸ்தானியரின் சராசரி வருமானம் வங்காள தேசத்தாரின் வருமானத்தைவிட அதிகம். இன்று சிசு மரணம் பாக்கிஸ்தானில் ஆயிரத்துக்கு 50ஐ ஒட்டியும் வங்காள தேசத்தில் 25ஐ ஒட்டியும் இருக்கிறது. தலா வருமானத்திலும் வங்காள தேசம் முந்திக்கொண்டுவிட்டது. பெண்கள் படித்ததும், வேலைக்குப் போனதும், குடும்பத்தை அளவாக வைத்துக்கொண்டதும் இதில் பெரும் பங்கு வகித்தன.

மஹ்பூப் உல் ஹக்கைப் பற்றிச் சொன்னோம். அவர்தான் பின்னர் ஐக்கிய நாட்டு வளர்ச்சித் திட்டத்தில் சேர்ந்து, 1990இல் மனித மேம்பாட்டுக் குறியீட்டைக் கொண்டுவந்தார். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்த ஓர் எண் அது. அவருடைய நண்பர் அமர்த்தியா சென், பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்றவர், மனித வாழ்க்கையை ஒரே எண்ணில் அடைப்பதா என்று முதலில் தயங்கினார். ஓர் எண் இருந்தால்தான் அமைச்சர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது ஹக்கின் வாதம். அவர் சொன்னதுதான் நடந்தது. 2023ஆம் ஆண்டுக்கான வரிசையில் மலேசியா 67ஆம் இடம், இலங்கை 89, இந்தியாவும் வங்காள தேசமும் ஒன்றாக 130, பாக்கிஸ்தான் 168. பூட்டான் நாடு இன்னும் ஒரு படி போய், மக்களின் மகிழ்ச்சியையே வளர்க்க அரசு முயல வேண்டும் என்று 2008இல் அரசியல் சட்டத்தில் எழுதிவைத்தது. அதை அளப்பது எளிதன்று.

ஆனால் சென்னின் தயக்கத்திலும் நியாயம் இருந்தது. இந்தப் புதிய எண்களும் சராசரிகளே. அவை எதை மறைக்கும் என்பதற்கு இலங்கையிலேயே சான்று இருக்கிறது.

நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கே வந்தபோது, அவர்களைப் போன்ற வேறு பலர் மண்டபம் முகாம் வழியாகக் கண்டிச் சீமைக்குப் போனார்கள். அங்கே தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்த அவர்களுடைய பிள்ளைகளின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களின் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் 1970களின் பிற்பகுதியில்தான் முறையாக ஏற்கத் தொடங்கியது. உலகம் இலங்கையைப் புகழ்ந்த அதே காலத்தில் அந்த லயங்கள் பின்தங்கியே இருந்தன. 2016இல் எடுத்த கணக்கெடுப்பில், நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்குரிய உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் நூற்றுக்கு 32. தனியே பிரித்துப் பார்த்திருக்காவிட்டால் அந்தப் பிள்ளைகள் கணக்கிலேயே தெரிந்திருக்க மாட்டார்கள்.

நம் நாட்டைப் பற்றி நாம் பெருமைப்படலாம் என்று நினைக்கும்போது இன்னோர் எண் குறுக்கே வருகிறது. அதே 2016இல் மலேசியாவில் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில், வயதுக்குரிய உயரம் இல்லாத பிள்ளைகள் நூற்றுக்கு 21 பேர். 2019இல் 22 பேர். நம்முடைய தலா வருமானம் இலங்கையினுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு; பிள்ளைகளின் உயரத்தில் நாம் அவர்களுக்குப் பின்னே. தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போன குடும்பங்களும் தப்பவில்லை. கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் 2018இல் யூனிசெஃப் வெளியிட்ட ஆய்வும் நூற்றுக்கு 22 என்றே சொன்னது.

"எங்கள் குடும்பமே குட்டை, அதனால் பிள்ளையும் குட்டை" என்று சிலர் சொல்லக்கூடும். உலகச் சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல ஊட்டமும் பராமரிப்பும் பெற்ற பிள்ளைகளை அளந்து, 2006இல் முடிவை வெளியிட்டது. ஐந்து வயது வரை எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே வளர்கிறார்கள். பரம்பரை கொஞ்சம் உண்டு. நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஜப்பானிலும் முன்னர் குட்டையானவர்கள் என்றுதான் சொன்னார்கள். 1948க்கும் 1990களுக்கும் இடையில் அங்கே பதினேழு வயதுப் பையன்களின் சராசரி உயரம் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் கூடியது. மனிதர்கள் மாறவில்லை, சாப்பாடு மாறியது. பள்ளி மதிய உணவுக்கென்றே 1954இல் அங்கே சட்டம் போட்டார்கள்.

உயரம் குறைவதில் அழகு ஒரு பொருட்டல்ல. முதல் இரண்டு ஆண்டில் உடம்பு வளராதபோது மூளையும் முழுமையாக வளர்வதில்லை. அந்தக் குறையைப் பின்னால் ஈடுசெய்வது கடினம். முதல் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளை எழுத்தைப் பிடிக்கத் திணறும்போது நாம் அதைச் சோம்பேறி என்று திட்டிவிடுகிறோம். அதன் காலைச் சாப்பாடு டின் இனிப்புப்பால் கலந்த தேத்தண்ணீரும் இரண்டு பிஸ்கட்டும் என்பதை யாரும் கேட்பதில்லை. அந்த டின்னில் இருப்பதில் பாதியளவு சர்க்கரை. கைப்பிள்ளைக்கு அது பாலாகாது. ஒரு முட்டை, கொஞ்சம் நெத்திலி, பருப்பு, கீரை இவற்றில் ஏதாவது ஒன்று நாள்தோறும் தட்டில் விழுந்தால் நிலைமை வேறு.

உங்கள் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். எடைக்கென்று ஒரு படம் இருக்கும். பெரும்பாலும் அதில் புள்ளி வைத்திருப்பார்கள். உயரத்துக்கென்று வேறொரு படமும் இருக்கிறது. பல புத்தகங்களில் அது காலியாகக் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். எடை சரியாக இருக்கிற பிள்ளையும் உயரத்தில் பின்தங்கியிருக்கலாம். ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் படுக்க வைத்தும், அதற்கு மேற்பட்ட பிள்ளையைச் செருப்பில்லாமல் நிற்க வைத்தும் அளப்பார்கள். அடுத்த தடுப்பூசி நாளன்று தாதியிடம் உயரத்தையும் அளந்து குறித்துத் தரும்படி கேளுங்கள். மூன்று நான்கு மாதத்தில் புள்ளிகள் மேலே ஏறாமல் படுத்துக் கிடந்தால், பிள்ளை பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று இருந்தாலும், காரணம் கேட்காமல் வீடு திரும்ப வேண்டாம்.