அச்சுநூலிலிருந்து மின்வாசிப்பானுக்கு: டென்மார்க்குத் தமிழரின் வாசிப்பும் எழுத்தின் அளவும்

டென்மார்க்குக்கும் தமிழ் அச்சுக்கும் இடையிலான தொடர்பு, அதன் தொடக்கத்திலேயே எழுத்தின் அளவு பற்றிய சிக்கலைச் சந்தித்தது. டேனிய மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியை அடைந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் உருவாக்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் 1713இல் அங்கு வந்து சேர்ந்தன. அவை பெரியனவாக இருந்தமையால் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. அருகிலுள்ள பொறையாற்றில் காகித ஆலையும் நிறுவப்பட்டது. எழுத்தின் அளவைக் காகிதத்தின் இருப்பே முடிவு செய்தது. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர் மின்வாசிப்பான் அம்முடிவை வாசகரின் கையில் ஒப்படைத்துள்ளது. டென்மார்க்கில் வாழும் தமிழ் வாசகர் இதன் பயனை முழுமையாக அடைவதற்கு எது தடையாக உள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வாசகர்

1983ஆம் ஆண்டு வன்செயல்களை அடுத்து இலங்கைத் தமிழர் பெருந்தொகையினர் டென்மார்க்கில் தஞ்சம் புகுந்தனர். அவர்களுள் பலர் யூலண்ட் தீபகற்பத்தின் சிறு நகரங்களில் குடியமர்ந்தனர். ஹெர்னிங், பிரண்டே ஆகிய ஊர்களிலுள்ள கோயில்கள் அக்குடியேற்றத்தின் அடையாளங்களாகும். இளமையில் வந்த அத்தலைமுறையினர் இன்று அறுபது வயதை எட்டியும் கடந்தும் உள்ளனர். தமிழில் நூல் வாசிப்போருள் முதன்மையானவர்கள் இவர்களே. இவர்களுக்குரிய அச்சுநூல்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணம், கொழும்பு, சென்னை ஆகிய நகரங்களிலிருந்து வரவேண்டியுள்ளன. அஞ்சற் செலவும் காலத் தாழ்ச்சியும் ஒருபுறம் இருக்க, வந்த நூலின் சிறிய எழுத்து முதிய கண்ணுக்கு எட்டுவதில்லை.

கருவி

மின்வாசிப்பானின் மின்மைத் திரையில் கருநிற, வெண்ணிறத் துகள்கள் நுண்ணிய உறைகளுக்குள் அடைபட்டுள்ளன. மின்புலம் அவற்றை மேலும் கீழுமாக நகர்த்தி எழுத்தைத் தோற்றுவிக்கிறது. பக்கம் மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவைப்படுகிறது. திரை, காகிதத்தைப் போன்றே தன்மீது விழும் ஒளியைப் பிரதிபலிப்பதால் கண்ணுக்குக் கூச்சம் குறைகிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கிப் புதிய பக்கங்களாக அமைகின்றன.

இவ்வசதி தமிழுக்குக் கிடைக்க இரண்டு தேவைகள் நிறைவேற வேண்டியிருந்தது. முதலாவது, பொதுவான குறியேற்றம். இரண்டாவது, எழுத்துகளை முறைப்படி அடுக்கிக் காட்டும் மென்பொருள். 'கொ' என்பது ஒருங்குறியில் ககர மெய்யெழுத்துக்குரிய குறியும் ஒகரக் குறியும் அடுத்தடுத்து வருவதாகச் சேமிக்கப்படுகிறது என்று எண்ணுவது வழக்கம். உண்மையில் முதலில் நிற்பது அகரமேறிய 'க' ஆகும். திரையில் ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். அம்மென்பொருள் இல்லாத கருவியில் கொம்பு இடம் மாறி, சொல் சிதைந்துவிடும். 2016 டிசம்பரில் கிண்டில் தளம் தமிழ் நூல்களை முறைப்படி வெளியிடத் தொடங்கியது. அதற்கு முன்னரே, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டமும் தமிழ் நூல்களை இலவசமாக வழங்கி வந்தன.

தடை

ஈழத்து நூல்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பின் நினைவோடு வாழும் சமூகத்துக்கு, 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் பெரும் கொடையாகும். ஆயினும் அங்குள்ள ஆவணங்களுள் பெரும்பாலானவை பக்கங்களின் வருடிய படிமங்கள். ஆறு அங்குலத் திரைக்குள் ஒரு முழுப் பக்கத்தின் படிமம் சுருங்கும்போது, எழுத்து அச்சிலிருந்ததைவிடச் சிறிதாகிறது. பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே செல்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் நகர்த்த நேர்கிறது. படிமம் நூலை அழிவிலிருந்து காக்கிறது. முதிய வாசகருக்கு அதனை வாசிக்கத் தருவதற்கு எழுத்துரை வேண்டும்.

செய்யத்தக்கவை

ஒளியெழுத்துணரி மென்பொருள் படிமத்தை எழுத்துரையாக மாற்றும். எனினும் பழைய அச்சில் துணைக்காலும் ரகரமும் மயங்குகின்றன. தமிழ்நாட்டு அரசின் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட ணா, றா, னா, லை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்களும் பிழைக்கு இடமளிக்கின்றன. ஆகவே மெய்ப்புப் பார்ப்போரின் உழைப்பு இன்றியமையாதது. ஈழத்து வழக்குச் சொற்களை அறிந்த முதியோரே இப்பணிக்குத் தகுதி மிக்கவர்கள். அவர்களுள் பலர் இன்று டென்மார்க் போன்ற நாடுகளில் வாழ்கின்றனர். ஆய்வாளர் மேற்கோள் காட்டுவதற்கு ஏதுவாக, மூலநூலின் பக்க எண்களை எழுத்துரையினுள் குறித்தலும் வேண்டும். இல்லையெனில் வரி மடங்கும் நூலில் பக்க எண் பொருளற்றதாகிவிடும்.

அறிந்து திருத்தவல்ல தலைமுறை வாசிக்கவும் இயலும் நிலையில் இருக்கும்போதே இப்பணி தொடங்கப்பட வேண்டும். அன்று தரங்கம்பாடியில் காகிதத்துக்காக எழுத்து சிறிதாக்கப்பட்டது. இன்று வாசகருக்காக அதனைப் பெரிதாக்கும் வாய்ப்பு உள்ளது.