தொடாமலே காற்றின் சூட்டை அளக்கலாம்!

மாணவர்களே, 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவைப் பினாங்கு மக்கள் இன்னும் மறக்கவில்லை. விடிய விடியக் கொட்டிய மழையில் தீவிலும் செபராங் பிறையிலும் வெள்ளம் புகுந்தது. ஏழு பேர் உயிரிழந்தனர்.

இப்படிப்பட்ட மழையை முன்கூட்டியே கணிக்க, மேகத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. கீழே உள்ள காற்று சூடாகவும் ஈரமாகவும் இருந்து, மேலே குளிர்ச்சியாக இருந்தால், கீழ்க்காற்று விரைந்து மேலே எழும், இடிமேகம் திரளும். ஆகவே, எந்த உயரத்தில் எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரப்பதம் என்று தெரிய வேண்டும்.

உயரம் கூடினால் வெப்பம் குறையும் என்பதைக் கொடிமலைக்குச் சென்றவர்கள் உணர்ந்திருப்பீர்கள். சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. கொடிமலையின் உயரம் 833 மீட்டர். அப்படியானால் உச்சியில் ஏறக்குறைய 5 டிகிரி குறைவாக இருக்கும். ஆனால் இது சராசரிதான். நாளுக்கு நாள் மாறும். அந்த மாற்றத்தில்தான் மழையின் இரகசியம் இருக்கிறது.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை பாயான் லெப்பாசிலிருந்து, கருவி கட்டிய பலூனைப் பறக்கவிடுகிறது. உலகெங்கும் இத்தகைய பலூன்களுக்குக் குறித்த நேரம், நம் கடிகாரப்படி காலை 8, இரவு 8. நல்ல முறைதான். ஆனால் மழையைக் கொண்டுவரும் ஈரக்காற்று பெரும்பாலும் கடலைக் கடந்து வருகிறது. நடுக்கடலில் பலூன் விடுவது யார்? அங்கேதான் செயற்கைக்கோள் உதவுகிறது.

கோவிட் காலத்தில் பள்ளி வாசலில் நெற்றிக்கு நேரே ஒரு வெப்பமானியைக் காட்டினார்கள் அல்லவா? அது உங்களைத் தொடவில்லை. உங்கள் உடல் வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை அளந்து வெப்பத்தைச் சொன்னது. காற்றும் அப்படியே கதிர் வீசுகிறது. ஆக்சிஜன் 60 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய நுண்ணலைகளையும், நீராவி 183 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய நுண்ணலைகளையும் நன்றாக உறிஞ்சும். அவற்றையே வெளியிடவும் செய்யும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் ஏறக்குறைய 21 விழுக்காடு. எனவே அதன் கதிர் கூடினால் வெப்பம் கூடியிருக்கிறது என்று பொருள். நீராவியின் அளவோ இடத்துக்கு இடம் மாறும். ஆகவே அதன் கதிர் ஈரப்பதத்தைக் காட்டிக்கொடுக்கும்.

சரி, உயரத்தை எப்படிப் பிரித்தறிவது? புகைமூட்ட நாளில் பிறைக் கரையில் நின்று பினாங்குப் பாலத்தைப் பாருங்கள். மூட்டம் கனமாக இருந்தால் அருகிலுள்ள தூண்கள் மட்டுமே தெரியும். மெல்லியதாக இருந்தால் தீவு வரை தெரியும். மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்குக் காற்றே மூட்டம். நீராவி மிக நன்றாக உறிஞ்சும் 183-இல் பார்த்தால் மேலடுக்கு மட்டும் தெரியும். அதிலிருந்து சற்று விலகிய அதிர்வெண்ணில் மூட்டம் மெலியும், கீழடுக்கு தெரியும். இப்படிப் பல அதிர்வெண்களில் அளந்து, கணினியில் அடுக்கடுக்காகப் பிரிக்கிறார்கள்.

இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2011 அக்டோபர் 12-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்திய மேகா-டிராபிக்ஸ், நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளுக்காகவே உருவான செயற்கைக்கோள். அதிலிருந்த சஃபீர் என்ற கருவி, 183 கிகாஹெர்ட்ஸைச் சுற்றி ஆறு அலைவரிசைகளில் ஈரப்பதத்தை அளந்தது. துருவங்களுக்கு மேல் செல்லாமல் நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றியதால், ஒரே இடத்தை நாளுக்குப் பலமுறை பார்த்தது. 2023 மார்ச் 7-ஆம் தேதி அதைப் பாதுகாப்பாகப் பசிபிக் கடலுக்கு மேல் இறக்கி எரித்துவிட்டார்கள். இன்று வேறு செயற்கைக்கோள்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

நுண்ணலைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அகச்சிவப்புக் கதிரை மேகம் மறைத்துவிடும். நுண்ணலையோ, கனமழை மேகம் தவிர மற்ற மேகங்களைப் பெரும்பாலும் ஊடுருவி வரும். ஆண்டு முழுவதும் மேகம் சூழும் நமக்கு இது பெரிய உதவி.

அடுத்த முறை கைப்பேசியில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மழை எச்சரிக்கை வந்தால், அலட்சியமாகத் தள்ளிவிடாதீர்கள். யாரும் பலூன் விடாத கடலின் மேலிருந்து வந்த கதிர்களும் அந்த எச்சரிக்கைக்குள் இருக்கின்றன. முதலில் பெற்றோரிடம் காட்டுங்கள்.