கம்பியில்லா அட்டையும் துபாஷியும்

நுழையுமுன்

மொழி மனிதர்க்கு மட்டும் உரியதன்று. கணினியின் உறுப்புகளும் தமக்கென அமைந்த மொழிகளில் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. அவற்றுள் ஒன்றன் மொழி மற்றொன்றுக்குப் புரியாதபோது என்ன நேர்கிறது, அதனை எவ்வாறு சரிசெய்வது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மொழிகள் கூடிய ஊர்

மாணவர்களே! நீங்கள் வாழும் மட்டாஞ்சேரியில் ஒரு தெருவைக் கடந்தால் மொழி மாறுகிறது. மிளகும் இஞ்சியும் மணக்கும் கிடங்குகளின் அருகே மலையாளமும் குஜராத்தியும் ஒலிக்கின்றன. கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் கொங்கணி கேட்கிறது. ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில், சலவைத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. கடல்வழியே போர்ச்சுகீசியரும், 1663ஆம் ஆண்டில் டச்சுக்காரரும், 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் கொச்சியைக் கைக்கொண்டனர்.

வணிகம் நடைபெற வேண்டுமாயின் ஒருவர் சொல்வது மற்றவர்க்கு விளங்க வேண்டும். அதற்காக இருவரின் மொழியையும் அறிந்த ஒருவர் நடுவே நின்றார். அவரைத் 'துபாஷி' என்று அழைத்தனர். 'இரு மொழி அறிந்தவர்' என்பது அதன் பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) தமிழில் எழுதிய நாட்குறிப்பு இன்றும் போற்றப்படுகிறது.

நீங்களும் துபாஷிகளே. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், வகுப்பில் இந்தியும் ஆங்கிலமும் என நாள்தோறும் மொழி மாறுகின்றீர்கள். மருத்துவமனையில் அன்னைக்காகவும், அலுவலகத்தில் தாத்தாவுக்காகவும் எடுத்துச் சொல்லியிருப்பீர்கள். அப்பணியையே கணினியினுள் செய்யும் ஒரு சிறு நிரலைப் பற்றி இனிக் காண்போம்.

கம்பியில்லா அட்டை

கணினியை இணையத்துடன் கம்பியின்றி இணைக்கும் உறுப்பே கம்பியில்லா வலையமைப்பு அட்டை. இதனைப் பேச்சு வழக்கில் வைஃபை அட்டை என்கிறோம். மடிக்கணினியின் உள்ளே, விரல் அளவே உள்ள பச்சைப் பலகையாக இது பொருத்தப்பட்டிருக்கும். இதனுடன் இணைந்த மெல்லிய கம்பிகள் திரையின் ஓரமாகச் சென்று அலைவாங்கியாகப் பணிபுரிகின்றன.

இவ்வட்டை ஒரு சிறிய வானொலி நிலையம் எனலாம். வானொலிப் பெட்டி அலைகளைப் பெறும்; அனுப்பாது. இவ்வட்டையோ இரண்டையும் செய்யும். பெரும்பாலான அட்டைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு 240 கோடி அதிர்வுகள் ஆகும். இவ்வலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். நீளம் குறைந்த அலை சுவர்களைக் கடப்பதில் மெலிவடையும். பழைய வீடுகளின் தடித்த செங்கற்சுவருக்கு அப்பால் இணைப்பு குன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெவ்வேறு நிறுவனத்தார் செய்த கருவிகளும் தம்முள் பேசிக்கொள்ளுமாறு 1997ஆம் ஆண்டில் ஒரு பொது விதித்தொகுப்பு வெளியிடப்பட்டது. ஆகவே, ஓர் அட்டை வெளியே உள்ள மற்றக் கருவிகளுடன் பேசும் மொழி உலகெங்கும் ஒன்றே. ஆனால் அதே அட்டை தன் கணினியுடன் பேசும் மொழி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. சிக்கல் இங்குதான் தோன்றுகிறது.

இயக்கியும் நிலைப்பொருளும்

கணினியின் எல்லா உறுப்புகளையும் ஆளும் மென்பொருள் இயங்குதளம் எனப்படும். அதன் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். கெர்னல் இடும் ஆணையை அட்டைக்கு உரிய மொழியில் மாற்றித் தருவது இயக்கி என்னும் நிரல். அட்டை தரும் மறுமொழியைக் கெர்னலுக்கு எடுத்துரைப்பதும் அதுவே. எனவே இயக்கியே கணினியின் துபாஷி.

இயக்கி இருந்தும் அட்டை இயங்காமற் போவதுண்டு. ஏனெனில், அட்டையினுள்ளும் ஒரு சிறிய செயலி இருக்கிறது. அது இயங்குவதற்குத் தனியாக ஒரு நிரல் வேண்டும். அதனை நிலைப்பொருள் என்பர். பல அட்டைகள் நிலைப்பொருளைத் தம்மிடம் நிலையாக வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை கணினி உயிர்பெறும்போதும் இயக்கியே அதனை வன்தட்டிலிருந்து எடுத்து அட்டைக்கு ஊட்டுகிறது. அக்கோப்பு இல்லையேல் அட்டை வாய் திறவாது.

மறைக்கப்பட்ட மொழி

யாவரும் எடுத்துப் பயன்படுத்தவும், மூல நிரலைப் படிக்கவும், மாற்றவும், பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் மென்பொருளைத் திறந்த மூல மென்பொருள் அல்லது கட்டற்ற மென்பொருள் என்கிறோம். லினக்ஸ் அத்தகையது. பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் இதன் கெர்னலை வெளியிட்டார். பின்னர் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கானோர் அதனை வளர்த்தனர்.

ஆயினும், கம்பியில்லா அட்டைகளைச் செய்த நிறுவனங்கள் சில, தம் அட்டையின் மொழியை வெளியிடவில்லை. விண்டோஸ் இயங்குதளத்துக்கு மட்டும் இயக்கியை எழுதித் தந்தன. அதன் மூல நிரலையும் காட்டவில்லை. இதனால் லினக்ஸை நிறுவியவர்களின் மடிக்கணினியில் எல்லாம் இயங்கின. வைஃபை மட்டும் இயங்கவில்லை. 'அட்டை பழுதாகிவிட்டது' என்று எண்ணியவர் பலர். அட்டையில் பழுது இல்லை. அதனோடு பேச வல்லவர் அங்கு இல்லை, அவ்வளவே.

பிராட்காம் நிறுவனத்தின் சில்லுகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவற்றின் மொழியை அறிய ஆர்வலர்கள் ஒரு வழி கண்டனர். ஒரு குழுவினர், நிறுவனத்தின் இயக்கி சில்லுக்கு என்னென்ன ஆணைகளை இடுகிறது என்பதை ஆராய்ந்து, அறிந்தவற்றைத் தெளிவான விளக்கக் குறிப்பாக எழுதினர். மற்றொரு குழுவினர், நிறுவனத்தின் நிரலைப் பாராமல், அக்குறிப்பை மட்டுமே படித்துப் புதிய இயக்கியை எழுதினர். பிறர் நிரலைப் படியெடுத்தனர் என்னும் பழி நேராதிருக்கவே இவ்வாறு பிரிந்து உழைத்தனர். எழுத்து அறியாத ஒரு மொழியைப் பேசுவோரின் வாயைப் பார்த்தே கற்று, அதற்கு ஓர் அகராதி அமைத்ததற்கு ஒப்பானது இப்பணி.

அவ்வாறு பிறந்த இயக்கி 2006ஆம் ஆண்டில் லினக்ஸ் கெர்னலில் இடம்பெற்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2010ஆம் ஆண்டு செப்டம்பரில், பிராட்காம் நிறுவனமே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்கான இயக்கியை மூல நிரலுடன் வெளியிட்டது. பிறர் தானே கற்றுக்கொண்ட பிறகு மொழியை மறைத்துப் பயன் என்ன?

இன்று நிறுவனங்கள் பல தாமே இயக்கியை எழுதிக் கெர்னலில் சேர்க்கின்றன. நிலைப்பொருளின் மூல நிரலையோ பெரும்பாலும் வெளியிடுவதில்லை. கட்டற்ற மென்பொருளையே கொள்கையாகக் கொண்ட டெபியன் குழுவினர், நிறுவல் வட்டில் இத்தகைய மூடிய கோப்புகளைச் சேர்க்கலாமா என்று நெடுங்காலம் வாதிட்டனர். கொள்கை பெரிதா, புதிதாக வருபவரின் கணினி இயங்குவது பெரிதா என்பதே கேள்வி. 2022ஆம் ஆண்டில் வாக்கெடுப்பு நடத்திச் சேர்க்க முடிவுசெய்தனர். 2023ஆம் ஆண்டு ஜூனில் வெளிவந்த டெபியன் 12 அவ்வாறே அமைந்தது. இம்முடிவு சரியா, தவறா என்பதை நீங்களும் வகுப்பில் விவாதிக்கலாம்.

அட்டையை இயங்கச் செய்யும் முறை

உங்கள் மாமா மகனோ அத்தை மகளோ தமிழ்நாட்டில் பயன்படுத்திய பழைய மடிக்கணினி ஒன்று உங்கள் கைக்கு வந்து, அதில் லினக்ஸை நிறுவுகின்றீர்கள் எனக் கொள்வோம். வைஃபை இயங்கவில்லை. அப்போது பதற்றமின்றிப் பின்வரும் வரிசையில் ஆராய வேண்டும். கட்டளைகளை முனையம் என்னும் சாளரத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் தட்டச்சிட வேண்டும்.

1. பூட்டு உள்ளதா எனக் காண்க. சில மடிக்கணினிகளில் வைஃபையை நிறுத்தும் பொத்தான் பக்கவாட்டிலோ விசைப்பலகையிலோ இருக்கும். ஆர், எஃப், கே, ஐ, எல், எல் என்னும் ஆறு எழுத்துகளைச் சேர்த்து இட்டு, இடைவெளி விட்டு 'லிஸ்ட்' என்னும் சொல்லை இட்டால், அட்டை பொத்தானால் தடுக்கப்பட்டுள்ளதா, மென்பொருளால் தடுக்கப்பட்டுள்ளதா என்பது தெரியவரும்.

2. அட்டையின் பெயரை அறிக. எல், எஸ், பி, சி, ஐ என்னும் ஐந்து எழுத்துகளை இட்டால், கணினியினுள் பொருத்தப்பட்ட உறுப்புகளின் பட்டியல் தோன்றும். வெளியே செருகும் அட்டையாயின் எல், எஸ், யு, எஸ், பி என்று இட வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. அந்நிறுவனம் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் அதுவே.

3. இயக்கி வந்துள்ளதா எனக் காண்க. எல், எஸ், பி, சி, ஐ என்பதன்பின் இடைவெளி விட்டுச் சிறு கோடும் கே என்னும் எழுத்தும் இட்டால், எந்த உறுப்புக்கு எந்த இயக்கி பணிபுரிகிறது என்பது தெரியும். அட்டையின் கீழே இயக்கியின் பெயர் இல்லையேல், துபாஷி இன்னும் வரவில்லை என்று பொருள்.

4. கெர்னலின் குறிப்பேட்டைப் படிக்க. டி, எம், இ, எஸ், ஜி என்னும் கட்டளை, கணினி தொடங்கியது முதல் கெர்னல் எழுதிவைத்த குறிப்புகளைக் காட்டும். நிலைப்பொருள் கிடைக்கவில்லை என்னும் செய்தி அங்கு இருக்கக்கூடும். எந்தக் கோப்பு வேண்டும் என்பதும் பெயருடன் குறிக்கப்பட்டிருக்கும். சில கணினிகளில் இக்கட்டளைக்கு நிருவாகியின் கடவுச்சொல் வேண்டும்.

5. இல்லாததைப் பெறுக. இணையம் இல்லாமல் கோப்பை எவ்வாறு பெறுவது? கம்பிவழி இணைப்பைப் பயன்படுத்தலாம். அல்லது வீட்டாரின் கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிரலாம். உபுண்டு இயங்குதளத்தில் கூடுதல் இயக்கிகளைத் தேடித் தரும் சாளரமே உண்டு. உரியதை நிறுவிக் கணினியை மீண்டும் தொடங்குக.

எச்சரிக்கை ஒன்று. நிருவாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும் கட்டளை எதனையும் பொருள் அறியாமல் இடலாகாது. ஆசிரியரையோ விவரம் அறிந்த மூத்தவரையோ கேட்டே செய்தல் வேண்டும்.

நம்மைச் சூழ்ந்த லினக்ஸ்

இது தொலைநாட்டுச் செய்தியன்று. கேரள அரசின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001ஆம் ஆண்டில் தொடங்கியது. 2017ஆம் ஆண்டில் கைட் என்னும் நிறுவனமாக வளர்ந்தது. உங்கள் தெருவில் அரசுப் பள்ளிக்குச் செல்லும் நண்பர்கள் கணினிப் பாடம் கற்பது லினக்ஸில்தான். சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் 2007ஆம் ஆண்டில் பாஸ் என்னும் லினக்ஸ் பதிப்பை வெளியிட்டனர். தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் அப்பதிப்பும் இடம்பெற்றது. லினக்ஸின் பட்டிகளையும் பொத்தான்களையும் தமிழில் காணலாம். தமிழ் ஆர்வலர்கள் ஊதியம் கருதாது மொழிபெயர்த்ததன் பயன் அது.

துபாஷிகள் இருவகையினர். கற்ற மொழியைத் தமக்குள் மறைத்து, பிறரைத் தம்மையே நம்பியிருக்கச் செய்வோர் ஒரு வகையினர். கற்றதை எழுதிவைத்து, அடுத்தவரும் கற்க வழிவிடுவோர் மற்றொரு வகையினர். முதல்வகையினர் விலகினால் உறவு அறுந்துவிடும். நல்ல கருவியும் குப்பைக்குச் செல்லும். இரண்டாம் வகையினர் விலகினாலும் அவர்தம் குறிப்பேடு நிற்கும். அதைப் படித்து வேறொருவர் பணியைத் தொடர்வார். நீங்கள் எவ்வகைத் துபாஷி ஆக விரும்புகின்றீர்கள்?

சொற்பொருள்

துபாஷி – இரு மொழி அறிந்தவர், மொழிபெயர்ப்பாளர்
இயக்கி – உறுப்பையும் கெர்னலையும் இணைக்கும் நிரல்
நிலைப்பொருள் – உறுப்பின் உள்ளே இயங்கும் நிரல்
மூல நிரல் – மனிதர் படிக்குமாறு எழுதப்பட்ட நிரல்
குன்றுதல் – குறைதல்

இலக்கணம் அறிவோம்

'இயங்குதளம்' என்னும் சொல்லை இயங்கிய தளம், இயங்குகின்ற தளம், இயங்கும் தளம் என மூன்று காலத்துக்கும் விரிக்கலாம். இவ்வாறு காலம் காட்டும் இடைநிலையும் பெயரெச்ச விகுதியும் மறைந்து வருவது வினைத்தொகை. சுடுசோறு, ஊறுகாய் என்பனவும் இவ்வகையின.

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: கம்பியில்லா, இவ்வட்டை, மொழியறிவு.

ஆ. வினைத்தொகைக்கு உங்கள் வீட்டுப் பேச்சிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக:
1. இயக்கியைத் துபாஷியுடன் ஒப்பிடுவது ஏன்?
2. இயக்கி இருந்தும் அட்டை இயங்காமைக்குக் காரணம் யாது?
3. பிராட்காம் சில்லுக்கு இயக்கி எழுதிய ஆர்வலர்கள் இரு குழுக்களாகப் பிரிந்தது எதற்காக?

ஈ. செயல்பாடு: நீங்கள் வீட்டாருக்காக மொழிபெயர்த்துச் சொன்ன நிகழ்வு ஒன்றைப் பத்து வரிகளில் எழுதுக. எச்சொல்லுக்கு ஈடான சொல் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் குறிப்பிடுக.