“விசேஷம் உண்டா?” என்று கேட்கும் முன்...



கல்யாணம் ஆகி ஆறு மாதம் ஆனாலே, “என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?” என்று கேட்பது நம் ஊர் வழக்கம். அக்கறையாகத்தான் கேட்கிறோம். ஆனால் ஒவ்வொரு மாதமும் எதிர்பார்த்து, தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் அழுகிற பெண்ணுக்கு அந்தக் கேள்வி நெருப்பாகச் சுடும்.

மாமல்லபுரம் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். ஒரு சகோதரி மருத்துவச் செலவுக்காக மூன்றாவது முறையாகக் கடன் கேட்டார். கல்யாணமாகி ஏழு வருடம். ஸ்கேன், ஊசி, மாத்திரை எல்லாம் அவருக்கு மட்டும்தான். “வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தீங்களா?” என்று கேட்டோம். “வெளியில தெரிஞ்சா கேவலம்னு வரமாட்டேங்கறாரு மேடம்” என்றார். வளைகாப்புக்குக்கூட அவரை யாரும் அழைப்பதில்லையாம்.

குறை யாரிடம்?

கருத்தடை எதுவும் இல்லாமல் ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே பார்ப்பது நல்லது. உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்தப் பிரச்சினை வருகிறது என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. காரணம் பெண்ணிடம் இருக்கலாம், ஆணிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். ஆணுக்குச் செய்யும் விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, வலி இல்லை. அதனால் ஆரம்பத்திலேயே இருவரும் சேர்ந்து போக வேண்டும்.

மனம் படும் பாடு

சிகிச்சை தொடங்கினால் கணவன் மனைவி சேர்வதுகூட டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியில்தான். ஆசை போய் கடமையாகிவிடும். சோதனைக்குழாய் முறையிலும் ஒரே தடவையில் குழந்தை நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தோல்வியும் ஒரு சாவு மாதிரி. ஆனால் துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. ஆண்கள் அழாததால் அவர்களுக்கு வலியில்லை என்று நினைக்காதீர்கள். பேசாமல் படுத்துக்கொள்வதும் குடிப்பதும் அந்த வலியால் இருக்கலாம். குடியும் புகையும் விந்தணுவைப் பாதிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தை இல்லை என்று சொல்லி ஒரு பெண்ணை வீட்டில் இழிவாகப் பேசுவதும் வன்முறைதான் என்று 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. உதவிக்கு 181-ஐ அழைக்கலாம். 2021-ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, பதிவு பெற்ற மையங்களில் மட்டுமே இந்தச் சிகிச்சை செய்யலாம். செலவு, பக்கவிளைவு, வெற்றி வாய்ப்பு, தத்தெடுக்கும் வழி எல்லாவற்றையும் அவர்கள் தம்பதிக்கு ஆலோசனையாகச் சொல்ல வேண்டும். பணம் கட்டும் முன் கேளுங்கள்.

குழு செய்ய வேண்டியது

“மலடி” என்ற சொல்லை நம் கூட்டங்களில் யாரும் பேச வேண்டாம். வளைகாப்புக்கு எல்லாரையும் அழைப்போம். வருவதும் வராததும் அவர் விருப்பம். சிகிச்சைக்குக் கடன் கொடுக்கும் முன், இருவருக்கும் பரிசோதனை ஆனதா என்று தனியாக, மெதுவாகக் கேட்போம். மனம் தாங்காதவர்கள் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அந்தச் சகோதரியும் கணவரும் இப்போது செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்வருகிறார்கள். குழந்தை பிறக்குமா என்று நாம் சொல்ல முடியாது. “முதல் தடவையா அவரும் கூட வந்தாரு மேடம்” என்றார். அதுவே அவருக்குப் பாதி பாரம் இறங்கியது போல.